காதோரக் கட்டி

எலாதியோவின் இடது காதுக்குக் கீழே கொய்யாப் பிஞ்சு அளவில் ஒரு கட்டி மூன்று வருஷமாக இருந்தது. வலிக்கவில்லை. பரானா ஆற்றங்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து ஆட்டங்களுக்கு அவன்தான் நடுவர். ஆட்டக்காரர்கள் ‘ரெண்டு தாடைக்காரன்’ என்று கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். போன செப்டம்பரில் ஒரு ஆட்டத்தில் விசில் ஊதினான், சத்தம் வரவில்லை. காற்றெல்லாம் உதட்டோரமாகப் போய்விட்டது. அன்றுதான் அவன் மனைவி நிமியா, அவன் வாய் கோணியிருந்ததைக் கவனித்தாள்.

ஊசி குத்தி எடுத்த சோதனையில் எச்சில் சுரப்பிப் புற்றுநோய் என்று வந்தது. எதுவரை பரவியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வைத்தியம் என்றார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இயந்திரம் பழுது. இன்று சரியாகும், நாளை சரியாகும் என்றே ஒன்பது வாரம் போனது. நிமியா வாராவாரம் பஸ் ஏறிப் போய்ப் பதிவுச் சன்னலில் விசாரித்தாள். அங்கிருந்த பெண்ணிடம் சண்டை போடவும் முடியவில்லை. “எனக்கே தெரியலக்கா” என்று அவளும் பாவமாகச் சொல்வாள்.

ஒருவழியாக டிசம்பரில் படம் எடுத்தார்கள், நெஞ்சுக்கும் சேர்த்து. டாக்டர் ப்ரிஸ்கா திரையில் காட்டினார். கட்டி முக நரம்பைப் பற்றிக்கொண்டு மேலேறி, காதுக்குப் பின்னால் மண்டையெலும்புக்குள் நுழைந்திருந்தது. கழுத்தில் மூன்று இடங்களில் நெறி கட்டியிருந்தது. நுரையீரலில் வெள்ளைப் புள்ளிகள். நிமியா அவற்றை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

“நாலாம் நிலை,” என்றார் டாக்டர்.

“மொத்தம் எத்தனை நிலை?” என்று கேட்டான் எலாதியோ.

“நாலுதான்.”

அவன் மெல்லத் தலையாட்டினான். நிமியாவுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. “அந்த ஒன்பது வாரத்துலயா டாக்டர் இவ்ளோ தூரம் போச்சு?”

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “முன்னாடி எடுத்த படம் ஒண்ணும் இல்லியேம்மா. எதை வச்சு நான் சொல்லுவேன்?”

அறுத்தெடுக்க வழியில்லை, தலைநகர் அசுன்சியோனில் கதிர்வீச்சு வைத்தால் வலி மட்டுப்படும் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் நிமியா கண்ணைத் துடைப்பதை எலாதியோ பார்த்தான். பிறகு, “என்னைப் பார்த்து அழாதடி. பதிலுக்கு என்னால முழுசா சிரிக்கக்கூட முடியல,” என்றான்.

மறுநாள் மத்தியானம் படுத்தான். இடது இமை மூடவில்லை. அவன் தூங்கிய பிறகும் அந்தக் கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. நிமியா சொட்டு மருந்து விட்டு, இமையை விரலால் இறக்கி, மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். வியர்வையில் அது உரிந்து வந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று கிழித்தாள்.