ரீனாவின் மண்டையில் பட்ட பந்து

ஆட்டம் முடிய மூன்று வினாடி இருக்கும்போது ஆத்தங்குடி சத்தியப்பிரியா எறிந்த பந்து, கூடைக்கு எறிந்ததே அல்ல. கூடைக்கடியில் நின்ற ரீனாவுக்குப் போட்ட பாஸ் அது. ரீனாவோ அந்த நேரம் பார்த்து, தன்னை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்த காரைக்குடிப் பெண்ணை முறைப்பதற்காகத் திரும்பினாள். பந்து அவள் உச்சந்தலையில் டொப்பென்று விழுந்து, எகிறி, பலகையில் மோதி, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே இறங்கிவிட்டது.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. ரீனா தலையைத் தடவிக்கொண்டே, பந்து எங்கே போனது என்று மேலே தேடினாள். அதுவரை காரைக்குடி நாற்பத்தொன்பது, ஆத்தங்குடி நாற்பத்தேழு. இரண்டு சேர்ந்தால் சமம். சமம் என்றால் கூடுதலாக ஐந்து நிமிட ஆட்டம். எல்லாரும் மனசுக்குள் இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள். காரைக்குடிப் பெண்கள் மிச்சமிருந்த ஒரு வினாடியை, எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை ஆற அமர மைதானத்துக்குள் போட்டுக் கழித்தார்கள். மணி அடித்தது. அவர்களுடைய பயிற்சியாளர் சத்தியமூர்த்தி, தண்ணீர் பாட்டிலைப் பெண்கள் கையில் கொடுத்து, கூடுதல் ஆட்டத்துக்கு யார் யார் இறங்குவது என்று பேச ஆரம்பித்தார். அப்புறம்தான் யாரோ ஸ்கோர் போர்டைப் பார்த்தார்கள். ஐம்பது – நாற்பத்தொன்பது என்று இருந்தது.

நடுவர் ஆரோக்கிய ஷீலா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கைக்கு மூன்று விரல் நீட்டி, மூன்று புள்ளி என்று தெளிவாகக் காட்டியிருந்தாள். ஸ்கோர் எழுதுகிற ஜனனி அதைப் பார்த்துவிட்டு, ஸ்கோர் தாளில் சத்தியப்பிரியாவின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாள். வட்டம் போட்டால் மூன்று. ஆனால் மைதானத்தில் வேறு ஒருத்தரும் ஷீலாவின் கையைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் ரீனாவின் மண்டையில் இருந்தது.

இந்த மைதானத்துக்கு ஒரு சட்டம் உண்டு. 'பட்டா ரெண்டு.' மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்த பந்து, வழியில் யார் மேலாவது பட்டுவிட்டு உள்ளே போனால் இரண்டுதான். எங்கே எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை, ஏனென்றால் காதுக்கு அது நியாயமாகப் பட்டது. வழியில் இன்னொருத்தி கை பட்ட பிறகு அது எப்படி முழு மூன்றாக இருக்க முடியும்? இப்படியே நாற்பது வருஷம் கோடைப் போட்டி நடந்துவிட்டது. அதில் கடைசி இருபத்திரண்டு வருஷ இறுதி ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர் பூமிநாதன். கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறவர். கடையிலும் மைதானத்திலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

இந்த வருஷம்தான் மாறியது. மாநில நடுவர் தேர்வில் ஷீலா தேறிவிட்டாள். தேறியவர்தான் தலைமை நடுவராக நிற்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பதினொரு வருஷம் மேஜையில் ஸ்கோர் எழுதியும், சின்ன ஆட்டங்களுக்கு ஓடியும் அவள் காத்திருந்த இடம் அது. கமிட்டி செயலாளர் சேசுராஜ் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, இந்த ஒரு தடவை பாப்போம்" என்றார். அந்த 'ஒரு தடவை' என்ற வார்த்தை, வேலை பார்க்கிற அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்டுக்கு ரசீது போடும்போதெல்லாம் ஷீலாவின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்கு ஏதாவது கோளாறு என்றால் அடுத்த தடவை கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சத்தியமூர்த்தி மேஜைக்கு வந்தார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை, கல்லுக்கட்டிக் கடைத்தெரு வரைக்கும் கேட்கும்.

"என்னம்மா இது? ரெண்டு குடுக்க வேண்டியதுக்கு மூணு எழுதி வச்சிருக்கீக!"

"மூணுதேன் சார். கை காட்டுனேன், நீங்க பாக்கல."

"மண்டையில பட்டுச்சும்மா! ஊரே பாத்துச்சு!"

"நானும் பாத்தேன் சார். பிரியா எறிஞ்சது கோட்டுக்கு வெளிய நின்னு. அது பாஸா இருந்தாலும் சரி, பிறகு யார் மேல பட்டாலும் சரி, தரையில பட்டு எந்திரிச்சாலும் சரி. கூடைக்குள்ள போனா எறிஞ்ச இடந்தேன் கணக்கு."

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பட்டா ரெண்டு! பட்டா ரெண்டு!" என்று ஒரு பக்கம் கைதட்டிக் கத்த ஆரம்பித்தார்கள். ரீனா கூட்டத்துக்குள் தலையை நுழைத்து, "மேடம், அப்ப என் மண்டைக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

"ஒண்ணுங் கிடையாது. மூணும் பிரியாவுக்குத்தேன். அங்குட்டுப் போயி நில்லு."

சத்தியமூர்த்தி அதற்குள் போனை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. போனை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். "இந்தா, படிங்க. இங்கிலீஷ்ல இருக்கு. கோட்டுக்கு வெளிய இருந்து எறிஞ்ச பந்து, உள்ள நிக்கிற சொந்த டீம் ஆளு மேல பட்டுப் போனா ரெண்டு. அச்சடிச்ச மாதிரி இருக்கா இல்லையா?"

ஷீலா குனிந்து படித்தாள். அவர் சொன்னபடியே இருந்தது. தடுக்கிறவள் மேல் பட்டால் மூன்று, சொந்த அணிக்காரி மேல் கோட்டுக்கு உள்ளே பட்டால் இரண்டு. கூட்டம் விசிலடித்தது. தான் படித்ததெல்லாம் தப்போ என்று ஒரு நிமிடம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. போனை வாங்கி, பக்கத்தை மெல்ல மேலே தள்ளித் தள்ளி, தலைப்பு வரைக்கும் போனாள். அங்கே இருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், நீங்க காட்டுனது பொய்யில்ல. சரியாத்தேன் எழுதியிருக்கு. ஆனா இது அமெரிக்காவுல ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு உள்ள புத்தகம். நம்ம ஆடுறது உலகக் கூடைப்பந்துச் சங்கத்தோட ஃபிபா புத்தகம். இதுல எந்த ஆளு மேல பட்டாலும் மூணு." தன் பையிலிருந்து கோடு போட்டு வைத்திருந்த தாளை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்தாள்.

"அது எந்தப் புத்தகமா இருந்தா என்ன? நம்ம கிரவுண்டுல பட்டா ரெண்டு."

"நம்ம கிரவுண்டுல கூடை பத்து அடிதானே சார்? அதை எந்தப் புத்தகத்தைப் பாத்து மாட்டுனாக?"

யாரோ சிரித்தார்கள். சத்தியமூர்த்தி அதற்கெல்லாம் அடங்குகிற ஆளா? இன்னும் சத்தமாகக் கத்தினார்.

சேசுராஜ் ஷீலாவைத் தனியாக இங்குட்டு வா என்று கூப்பிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "இங்க பாரும்மா. நீ சொல்லுறது சரியாவே இருக்கட்டும். அஞ்சு நிமிசம் ஓவர்டைம் போட்டுருவோம். ஜனங்களுக்கும் சந்தோசம், வந்த விருந்தாளிக்கும் சந்தோசம். ஆத்தங்குடிப் பிள்ளைக ஜெயிக்கிறதா இருந்தா அதுலயும் ஜெயிக்கும். உனக்கும் கெட்ட பேரு இல்ல. அடுத்த வருசமும் நீயே வந்து ஊது. என்ன சொல்லுற?"

அவள் ஆசைப்பட்டதை அவர் தட்டில் வைத்து நீட்டினார். அதுதான் கொடுமை. ஒரு தலையசைப்பு போதும், பதினொரு வருஷத்துக் காத்திருப்பு பத்திரமாகிவிடும். ஷீலா திரும்பி ஆத்தங்குடிப் பெண்களைப் பார்த்தாள். சத்தியப்பிரியா தரையில் உட்கார்ந்து, பிடித்துக்கொண்ட கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். ஜெயித்தாயிற்று என்பதே அவளுக்கு இன்னும் தெரியாது.

"மன்னிச்சுக்கங்க. ஆட்டம் முடிஞ்சிருச்சு. முடிஞ்ச ஆட்டத்தை நான் எப்படி நீட்டுறது?" என்றாள். வந்தது வரட்டும் என்று மேஜைக்குத் திரும்பினாள்.

ஸ்கோர் தாளில் கையெழுத்துக்கு ஒரு வரிசை உண்டு. மேஜையில் இருக்கிறவர்கள் முதலில், அடுத்து இரண்டாவது நடுவர், கடைசியாகத் தலைமை நடுவர். தலைமை நடுவர் போட்டுவிட்டால் அதற்கப்புறம் நடுவர்கள் அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொட முடியாது. ஜனனி போட்டாள். தாள், இந்த வருஷம் இரண்டாவது நடுவராக நின்ற பூமிநாதனுக்கு முன்னால் வந்தது. பேனாவை எடுத்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"அண்ணே, போடாதீக!" என்றார் சத்தியமூர்த்தி. "நீங்க போடாட்டி முடிவு கமிட்டி கைக்குப் போயிரும். இருபத்திரண்டு வருசமா நீங்க குடுத்த ரெண்டு, இன்னைக்கு இந்தம்மாவுக்கு மூணாயிருச்சா?"

பூமிநாதன் ஷீலாவை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும் ரெண்டுன்னுதேன் தோணுது ஷீலா" என்றார் மெதுவாக. கோபமில்லாமல் சொன்னார். அதனால் அது இன்னும் உறுத்தியது. அவர் பேனாவைக் கீழே வைத்தால் எல்லாம் போச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. கோடு போட்ட அந்த விதித் தாளை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

சத்தியமூர்த்தி ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கிவிட்டார். தோற்ற அணியின் தலைவி பதினைந்து நிமிடத்துக்குள் அதே தாளில் ஆட்சேபக் கையெழுத்துப் போடலாம். தம் அணித் தலைவி பாண்டீஸ்வரியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "போடும்மா, இங்க" என்றார்.

பாண்டீஸ்வரி போடவில்லை. ஷீலாவிடம் கேட்டாள். "மேடம், போன வருசம் செமி ஃபைனல்ல நான் வெளிய இருந்து போட்ட பாஸு, எங்க டீம் பிள்ளை தோள்ல பட்டு உள்ள போச்சுல்ல? ரெண்டு குடுத்தாக. ஒரு பாயிண்டுல தோத்தோம். அப்ப அதுவும் மூணா?"

அன்றைக்கு விசில் பூமிநாதனிடம் இருந்தது. அந்த இரண்டைத் தாளில் எழுதியது, மேஜையில் உட்கார்ந்திருந்த ஷீலாவின் பேனா. வீட்டுக்குப் போயும் மனசு கேட்காமல் விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்த வரியைக் கண்டுபிடித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டவள் அவள். அதற்குள் ஸ்கோர் தாளில் எல்லாக் கையெழுத்தும் விழுந்து முடிந்திருந்தது.

"ஆமாம்மா. அதுவும் மூணு. அன்னைக்கு எனக்குத் தெரியாது" என்றாள் ஷீலா.

பாண்டீஸ்வரியின் கண் நிறைந்துவிட்டது. சத்தியமூர்த்தி பக்கம் திரும்பினாள். "சார், அன்னைக்கு மூணு மூணுன்னு நீங்க தொண்டை கிழியக் கத்துனீக. இன்னைக்கு ரெண்டுங்குறீக. நான் எதுக்குக் கையெழுத்துப் போட?"

யார் ஆரம்பித்தது என்று தெரியாது, முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு கைதட்டல், அப்புறம் காரைக்குடிக்காரர்களே தட்டினார்கள். சத்தியமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மளமளவென்று குடித்தார். வேறு என்ன செய்வார், பாவம்.

பூமிநாதன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஷீலா தள்ளிவைத்த விதித் தாளை இழுத்து, அந்த வரியைத் தானே படித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. பிறகு பாண்டீஸ்வரியைப் பார்த்து, "அன்னைக்குத் தப்பு என்மேலதேன் தாயி" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து மைதானத்தில் யாரும் கேட்காத வார்த்தை அது.

குனிந்து ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கைக்கு மூன்று விரல் நீட்டினார்.

"மூணு!" என்று கத்தினார்.

ஆத்தங்குடிப் பெண்கள் ஒரு வினாடி வாயைப் பிளந்து நின்றார்கள். அடுத்த வினாடி சத்தியப்பிரியா கெண்டைக்காலை மறந்து துள்ளினாள்; ரீனா அவள் மேல் விழுந்தாள்; மற்ற எல்லாரும் ரீனா மேல் விழுந்தார்கள். அந்தக் கூச்சலில் சேசுராஜ் மைக்கில் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. ஷீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுத்த வருஷம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்ற நினைப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

பூமிநாதன் பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சத்தியப்பிரியாவின் எண்ணைச் சுற்றியிருந்த வட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, தாளின் கடைசி இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினாள். இனி அந்த மூன்றை இரண்டாக்க எந்த நடுவராலும் முடியாது, அவளாலும் கூட.