எல்லாவற்றுக்கும் யெஸ்

அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போவதென்றால் ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது, இங்கிலீஷ் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். நான் கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்கள் கிறுக்கும் மருந்துச் சீட்டையே வாசித்துவிடுகிற எனக்கு இங்கிலீஷ் எந்த மூலைக்கு என்று நினைத்தேன். அந்தத் திமிரோடுதான் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, தேனி அல்லிநகரத்தில் ஷீபா நடத்தும் கிளாஸுக்குப் போக ஆரம்பித்தேன்.

ஷீபா என்னைவிட ரொம்பச் சின்னவள். முதல் வாரமே, பார்த்த இடம் ஒன்றைப் பற்றி ஒரு பாரா எழுதச் சொன்னாள். நான் சுருளி அருவியை எழுதிக் கொடுத்தேன். அவள் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"சுருளி ஃபால்ஸ். கண்டிஷன் ஸ்டேபிள். வாட்டர் பாஸ்ட் ஃப்ரீலி. நோ கம்ப்ளைன்ட்ஸ்."

கிளாஸே சிரித்தது.

"அக்கா, இது பாரா இல்ல, கேஸ் ஷீட்டு. முதல் வரியில என்ன சொல்ல வர்றீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் ஏன், எப்படின்னு ஒண்ணொண்ணா கோர்த்துட்டு வாங்க."

எழுத்தாவது பரவாயில்லை. காதில் வாங்குவதுதான் கொடுமை. ஆடியோவில் ஒரு வெள்ளைக்காரர் ஹோட்டலில் ரூம் கேட்பார். அவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்து அதற்கு ஸ்பெல்லிங் யோசித்து முடிப்பதற்குள், அவர் ரூமைக் காலி பண்ணிவிட்டு ஊருக்கே போயிருப்பார். "புரிஞ்சதாக்கா?" என்று ஷீபா கேட்டால் நன்றாகத் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டாகிவிட்டது. ஒரு தடவை இயர்போனோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, கண்டக்டர் "சின்னமனூரா?" என்று கேட்டதற்கும் தலையாட்டி, தேனிக்குப் போக வேண்டியவள் சின்னமனூருக்கு டிக்கெட் வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான், ஒரு மத்தியானம், சுருளியில் வழுக்கி விழுந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கூடவே அவர் மனைவி. இரண்டு பேருக்கும் அறுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் கணுக்கால் பந்துபோல வீங்கியிருந்தது. எங்கள் வார்டில் வேலை பார்க்கும் பவுனு அக்கா, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நம்ம ஜெபராணி சிஸ்டரு இங்கிலீஷு படிக்கிறாகள்ல, அவுகளக் கூப்பிடுங்க!"

ரிசப்ஷனில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு போனேன்.

எக்ஸ்ரே எடுத்து அவரைக் கட்டிலில் படுக்க வைத்தோம். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று என்னவோ கேட்டார். நான் "யெஸ்" என்றேன். இன்னும் என்னவோ கேட்டார். ஆறுதலாகச் சிரித்து, "யெஸ், யெஸ்" என்றேன். அந்த அம்மா போனை எடுத்து யாரிடமோ பேசி, விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் வைகுண்டராஜ் எக்ஸ்ரேயோடு வந்தார். அந்த அம்மா அழுதுகொண்டே அவரிடம் என்னவோ கேட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எலும்பு முறிஞ்சிருச்சுன்னு இவுககிட்ட யார் சொன்னது? ஆபரேஷன் உண்டுன்னு வேற சொல்லியிருக்கு!"

நான் சரியாக இருந்த படுக்கை விரிப்பை இன்னொரு தடவை சரி செய்தேன்.

"வெறும் சுளுக்கு. நீங்களே எடுத்துச் சொல்லுங்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் கட்டிலில் இருந்தவர் பக்கம் திரும்பி, தைரியமாக, "ஸ்பிரெய்ன். ஒன்லி ஸ்பிரெய்ன்," என்றேன்.

அவர் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார். "நோ ஸ்பெயின்! போலண்ட்! போலண்ட்!"

என் காதில் அது 'புல்' என்று விழுந்தது. எதையோ இழுக்கச் சொல்கிறார். எதை இழுப்பது? பக்கத்தில் இருந்தது கட்டிலைச் சுற்றிய திரை ஒன்றுதான். தனியாக இருக்க ஆசைப்படுகிறார் போல என்று சர்ரென்று இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.

பவுனு அக்கா வாயில் கை வைத்தார். "ஏத்தா சிஸ்டரு, என்னத்துக்கு மூடிப்புட்டீக? இப்பத்தான பேசிக்கிட்டு இருந்தாரு! போயிட்டாரா?"

"ஐயோ அக்கா, உசுரோடதான் இருக்காரு!"

"அப்பத் தெறங்க! பக்கத்துக் கட்டில்ல எல்லாம் சாமி கும்புட ஆரம்பிச்சிட்டாக!"

திரையை விலக்கினேன். இரண்டு பேரும் பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் தலையாட்ட எனக்குத் தெம்பில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ், ஸ்லோலி," என்றேன்.

அந்த அம்மா முகம் மாறியது. நெஞ்சில் கை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, தங்களுக்கும் இங்கிலீஷ் சொந்த மொழியில்லை, தாங்களும் கிளாஸுக்குப் போய்ப் படிப்பவர்கள்தான், நான் பேசியது ஒன்றுமே தங்களுக்குப் புரியவில்லை என்று சொன்னார். அவ்வளவும் எனக்குப் புரிந்தது!

தொண்டை பார்க்க நாக்கை அழுத்தும் மரக்குச்சியை எடுத்து அவர்கள் முன்னால் படக்கென்று ஒடித்தேன். "திஸ், நோ." அப்புறம் எலாஸ்டிக் பேண்டேஜை இழுத்துக் காட்டினேன். "திஸ், யெஸ்." அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்து இன்னொரு ரவுண்டு அழுதார். சாயந்திரம் வரைக்கும், டியூட்டிக்கு நடுவே, மூன்று பேரும் உடைந்த இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தோம். அவருக்குத் திராட்சைத் தோட்டம் பார்க்க ஆசை என்பதுகூட எனக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை, அவர்களைப் பற்றியே பாரா எழுதிக்கொண்டு போனேன். 'உயிரோடு இருந்த ஒருவரை நான் மூடினேன்' என்று முதல் வரி. ஷீபா சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, திருத்த மறந்து, கடைசி வரை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்புறம் என்னாச்சுக்கா?"

அப்புறம்தான் திருத்தினாள். தாள் ரத்தக்களரியாகிவிட்டது, அது வேறு விஷயம்.

மதுரையில் பரீட்சை எழுதினேன். லிசனிங்கில் பாஸ். எனக்கே நம்ப முடியவில்லை. எழுத்தில்தான் கொஞ்சத்தில் போய்விட்டது. வயதானவர்கள் தூரப் பயணம் போகலாமா என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். விடுவேனா? போலந்துக்காரரைச் சுருளியில் விழவைத்து, ஆட்டோவில் ஏற்றி, எக்ஸ்ரே எடுத்து, திரையை மூடுகிற இடத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. போகலாமா கூடாதா என்று நான் சொல்லவே இல்லை.

வீட்டுக்காரர் ஸ்டீவன் கேட்டார். "அப்ப அயர்லாந்து?"

"இன்னொரு தடவை எழுதுறேங்க."

ஷீபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரீட்சையில மட்டும் அவர் வழுக்கி விழாம பாத்துக்கங்கக்கா," என்றாள்.