முப்பத்தெட்டு நிமிடக் குரல்

தையற்காரிக்குத் துண்டுத் துணியைக்கூட வீணாக்க மனசு வராது. சட்டை வெட்டியது போக மிஞ்சியதில் தலையணை உறை, அதிலும் மிஞ்சியதில் பை. அந்தப் புத்தியை எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு டிவிடியிலும் காட்டித் தொலைத்தாள்.

அவள் தம்பி காய்கறிச் சந்தையில் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவன். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் தொண்டை என்பதால் ஊருக்கே அவன் 'மைக்செட்'. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அப்போது அவன் மனைவிக்கு ஏழாவது மாதம். பிறக்கப்போகிற பிள்ளை அப்பாவின் குரலை ஒரு நாளாவது கேட்கட்டுமே என்று, ஆபரேஷனுக்கு முதல் நாள் அவனைக் கேமரா முன்னால் உட்காரவைத்து, டிவிடி ரெக்கார்டரில் முப்பத்தெட்டு நிமிடம் பதிவு செய்தாள் அக்கா.

முடிந்ததும் 'டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யவா?' என்று ரெக்கார்டர் கேட்டது. செய்துவிட்டால் டிஸ்க் எந்தப் பெட்டியிலும் ஓடும். ஆனால் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. இரண்டு மணி நேர டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. பிள்ளையின் முதல் அழுகையையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்று 'வேண்டாம்' பொத்தானை அழுத்தினாள்.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சலில் டிஸ்க் மறந்துபோனது. ஒரு மழையில் தண்ணீர் புகுந்து ரெக்கார்டரும் செத்தது. அதன் பிறகு எந்தப் பெட்டியும் அந்த டிஸ்க்கைச் சீந்தவில்லை. கம்ப்யூட்டரில் போட்டால் காலி டிஸ்க் என்று கைவிரித்தது.

போன வாரம், அவள் சொல்லிவைத்திருந்த டிவி ரிப்பேர்க்காரர் போன் செய்தார். "அக்கா, அதே கம்பெனி, அதே மாடல். பழைய சாமான் குவியல்ல கிடந்துச்சு. உயிர் இருக்கு. மைக்செட்டையும் கூட்டிட்டு வாங்க."

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் அவர் கடையில் இருந்தார்கள். தம்பி, மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்ட துவாரத்தை மறைத்துக் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு, மடியில் குறிப்பு நோட்டோடு உட்கார்ந்தான். ரிப்பேர்க்காரர் டிஸ்க்கைத் தட்டில் வைத்துத் தள்ளினார். ரெக்கார்டர் முனகியது, யோசித்தது, பிறகு டிவியில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. கட்டத்துக்குள் கொழுகொழு கன்னத்தோடு தம்பி. வாய் திறந்திருந்தது. கீழே 38 நிமிடம் என்று எழுதியிருந்தது.

"ஐயோ, இருக்குடா!" அக்கா தம்பியின் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

அவன் நோட்டில் கிறுக்கிக் காட்டினான்: 'கொல்லாதே. ஒரு ஆபரேஷன் போதும்.'

ரிப்பேர்க்காரர் சிரித்துவிட்டுச் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். "அக்கா, ஒண்ணு சொல்றேன். இந்த லென்ஸ் கிழடு. படிக்குது, சரி. ஆனா ஃபைனலைஸ் பண்ணி மூடணும்னா டிஸ்க்ல எழுதணும். எழுதுறதுக்குத் தெம்பு ஜாஸ்தி வேணும். மொதல்ல ஓட்டுவோம். நான் போன்ல புடிச்சுக்கறேன். மூடுறதை அப்புறம் பாக்கலாம்."

"ஓட்டும்போதே லென்ஸ் படுத்துக்கிட்டா?"

"படுக்கலாம். அதுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது."

"அப்ப மூடிருங்க."

"அக்கா, அவசரப்படாதீங்க."

"அன்னைக்கு அரைகுறையா விட்டதாலதானே இவ்வளவு கூத்து? எட்டு வருஷமா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. இன்னைக்கு முழுசா முடிச்சு அவ கையில குடுக்கணும். ஸ்கூல் விட்டு நேரா இங்கதான் வர்றா. மொதல்ல அவதான் கேக்கணும்."

ரிப்பேர்க்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் எதைக் கண்டானோ, தலையாட்டினான்.

பொத்தானை அக்காவே அழுத்தினாள். திரையில் ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிரம்பத் தொடங்கியது. நாலு நிமிடம் ஆகும் என்றது. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. அங்கே நின்றது. பெட்டிக்குள் டக், டக் என்று சத்தம்.

"தொடாதீங்க, யாரும் தொடாதீங்க," என்றார் ரிப்பேர்க்காரர், யாரும் தொடாமலிருந்தபோதே.

பட்டை மறைந்தது. 'டிஸ்க் பிழை' என்றது திரை. தட்டு தானாக வெளியே வந்தது.

லென்ஸைத் துடைத்துப் பார்த்தார். பெட்டியை ஆறவிட்டுப் பார்த்தார். மறுபடி போட்டதும் இந்த முறை கட்டமும் வரவில்லை, முகமும் வரவில்லை. கம்ப்யூட்டரில் மூன்று டிரைவில் மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்றில் ஏதோ படிப்பது போல வெகுநேரம் சுற்றி, பிறகு அதுவும் அடங்கியது.

"இன்னும் ஏதாவது..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"எழுத ஆரம்பிச்சு நடுவுல விட்டுருச்சுக்கா. எது எங்க இருக்குன்னு சொல்ற இடத்தையே கெடுத்துருச்சு." அவர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனி எவன் கையிலயும் ஒண்ணும் இல்ல."

நாலேகாலுக்குச் சின்னவள் புத்தகப்பையோடு படியேறி வந்தாள். "அத்தை, ஆரம்பிக்கலியே? நான் வர்றதுக்குள்ள கேட்டுரலியே?"

ரிப்பேர்க்காரர் டிஸ்க்கை உறைக்குள் போட்டு மூடினார். எட்டு வயதுப் பெண்ணுக்கு விஷயம் புரிய அது போதுமானதாக இருந்தது. அழவில்லை. அப்பாவின் மடியில் பையை வைத்துவிட்டு, "சரி, அத்தை கேட்டிருக்கீங்கல்ல? நீங்க சொல்லுங்க. அப்பா என்ன பேசினாங்க?" என்றாள்.

அது மட்டும் அக்காவுக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருந்தது. "'ஏ குட்டி, உள்ள என்ன பண்ற? சீக்கிரம் வெளிய வா, சந்தைக்குப் போலாம்.'"

"இது உங்க குரல். அப்பா குரல்ல சொல்லுங்க."

அக்கா தொண்டையைச் செருமிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இப்படியாப்பா?" என்று திரும்பினாள் சின்னவள். அவன் இல்லை என்று தலையசைத்தான். அக்கா கொஞ்சம் கரகரப்பாகச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் இல்லை. கடைத்தெருவே திரும்பிப் பார்க்க உரக்கக் கத்தினாள். அதுவும் இல்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே பயம் பிடித்தது. வார்த்தை இருக்கிறது, குரல் இல்லை. எப்போது மறந்தோம் என்றுகூடத் தெரியவில்லை.

நாலாவது முறை அவள் வாயிலிருந்து வந்தது காற்றும் விக்கலுமாக ஒரு சத்தம்.

தம்பி பளிச்சென்று சிரித்து, ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினான்.

"நிஜமாவா அப்பா? இப்படித்தானா?" என்று சின்னவள் குதித்தாள். அந்தச் சத்தத்தை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அது அவன் குரல் இல்லை, பக்கத்தில்கூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.