நாலு விரல் வெட்டு

"அரை நாள் வேலைதான்க்கா" என்று சொன்னது நான்தான். யாரும் என் வாயைக் கிளறவில்லை. போன அக்டோபரில், எங்கள் நிலத்தின் கிழக்குப் பக்கம் நிற்கிற மணல் ஓக் தோப்பை வெட்டிவிடச் சொன்னாள் வெர்லி அக்கா. பொல்லாத மரம் அது. உயரம் அதிகமில்லை. ஆனால் ஒரே வேரிலிருந்து பத்துப் பதினைந்து தண்டு கிளம்பி, வருஷம் முழுக்கப் பச்சையாக, தரையைத் தொடுகிற மாதிரி குடை பிடித்து நிற்கும். அடியில் புல் முளைக்காது. புல் இல்லாததால், காட்டைச் சுத்தம் பண்ண நாங்கள் வைக்கிற தீயும் உள்ளே போகாது. தீ போகாத இடத்தில் பைன் கன்று வராது. எங்கள் பிழைப்பே பைன்தான்.

மிஷின் ரம்பத்தோடு போனேன். கடற்காற்று எத்தனையோ வருஷமாக மணலை வாரி அந்தப் பட்டைக்குள் அடித்து வைத்திருக்கிறது. முதல் தண்டில் வைத்த பத்தாவது நிமிஷம் ரம்பச் சங்கிலி மழுங்கியது. மாற்றினேன். இரண்டாவதும் மழுங்கியது. வெட்டு நாலு விரல் ஆழம்கூடத் தேறாது. இந்தக் கரையில் மரம் அறுக்க என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஐம்பத்தாறு வயது வரை பீற்றிக்கொண்டவன், அக்கா முன்னால் போய் முடியலை என்று எப்படிச் சொல்வது? மானம் போகாதா? வீட்டுக்குப் போனேன், அவள் பொரித்து வைத்திருந்த மடவை மீனைத் தின்றேன், வண்டியில் கிடந்த நிலப்படத்தை எடுத்துத் தோப்பின் வட்டத்தைக் குறுக்கே அடித்து, "வெட்டியாச்சு. கிளை கிடக்கு, காயணும்" என்று எழுதிவிட்டேன். அந்தப் படத்தில் ஏற்கெனவே என் கையெழுத்துக்குக் குறைவில்லை. வடக்கு வேலி, கட்டியாச்சு. தெற்குக் கிணறு, மூடியாச்சு.

அக்காவுக்கு முட்டி வலி. குட்டைப்பனை அடர்ந்த உள்நிலத்துக்கு அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் மகள் ரேலின் டல்லஹாசி நகரத்தில் வேலை பார்த்துவிட்டு, தீ வைப்பதற்கு முந்தின வாரம்தான் திரும்பி வந்தாள். என் பொய் ஐந்து மாதம் நிம்மதியாகத் தூங்கியது.

மார்ச்சில் தீ வைக்கிற நாள் வந்தது. கிழக்குப் பக்கம் நானே தீ வைக்கிறேன் என்று சொல்லலாமென்றுதான் திட்டம். காலையில் நான் இரண்டு தடவை இருமியதைப் பார்த்துவிட்டு அக்கா எல்லாவற்றையும் மாற்றினாள்.

"நீ எங்கூட மேற்குத் தடத்துல தண்ணி வண்டியப் பாத்துக்க. ரேலின் உள்ள போகட்டும்."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமத்தான் கரடி மாதிரி உறுமுறியா? வாய மூடிட்டு ஏறு."

படத்தை வண்டியின் மூக்கில் விரித்து மகளுக்குக் காட்டினாள். "இங்க பாரு. கிழக்க இந்த இடத்துல உங்க மாமா வெட்டிப்போட்ட கிளையெல்லாம் காஞ்சு கிடக்கு. அது பத்திக்கிச்சுன்னா பக்கத்துல நிக்க முடியாது. அதுக்கு அறுபது அடி முன்னாலயே நின்னுடு."

"சரிம்மா. மாமா, பெரிய சாதனைதான் போங்க" என்று ரேலின் என் தோளில் குத்தினாள். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. போனால் போகிறது, தோப்பைப் பார்ப்பாள், சிரிப்பாள், அக்கா நாலு திட்டு திட்டுவாள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். முட்டாள்.

காற்று வடக்கிலிருந்து அடித்தது. எண்ணெய் எரிந்து சொட்டும் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு, ரேலின் தெற்கு எல்லையில் தொடங்கினாள். மேற்கிலிருந்து கிழக்கே ஒரு கோடு, கொஞ்சம் வடக்கே தள்ளி இன்னொரு கோடு. காற்று வடக்கு என்பதால் வைத்த தீ அவளை விட்டு விலகி, ஏற்கெனவே எரிந்த தெற்குப் பக்கம் போய் அடங்கும். தெற்கிலிருந்து கடற்காற்று மூன்று மணிக்குத்தான் வரும் என்று காலையில் வானிலை ஆபீசில் போனில் சொல்லியிருந்தார்கள். ஒரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிடுவதாக ஏற்பாடு.

பன்னிரண்டரைக்கு அக்கா தொப்பியைக் கழற்றினாள். அவள் முடி வடக்கே பறந்தது. தெற்கிலிருந்து காற்று.

"ஐயோ" என்றாள் அக்கா. வேறெதுவும் சொல்லவில்லை.

ரேலின் கடைசியாக வைத்த கோடு அப்படியே திரும்பி வடக்கே பாய்ந்தது. குட்டைப்பனையில் தீ ஏறினால் எண்ணெயில் ஏறின மாதிரிதான். இரண்டு ஆள் உயரத்துக்குக் கொழுந்து. ரேலின், அந்தக் கோட்டின் கிழக்கு முனையில், தீக்கு வடக்கே, எரியாத காட்டுக்குள் நின்றிருந்தாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த மேற்குப் பக்கம் முழுக்க அதற்குள் பற்றிக்கொண்டது.

அக்கா வாக்கி டாக்கியை அமுக்கினாள். "ரேலின்! எங்கடி இருக்க?"

"புகைம்மா. ஒண்ணும் தெரியல. எரிஞ்ச பக்கம் போக முடியல, நடுவுல தீ நிக்குது."

"வடக்க ஓடு! வடக்குத் தடத்துக்கு!"

தீ தாண்டாத மண்பாதையான வடக்குத் தடம் நானூறு எட்டு தூரம். இடுப்பளவு குட்டைப்பனை, ரம்பப் பல் வைத்த தண்டு. அதில் முயல் ஓடும், மனுஷி ஓட முடியாது. காற்றோடு வரும் தீ ஓடும். எனக்கு அது தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது, அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அவளிடம் வேறு வழி இல்லை. படத்தின்படி கிழக்கே காய்ந்த கிளைக் குவியல்.

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். அந்த இரண்டு மூச்சை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு அக்கா கையிலிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கினேன்.

"ரேலின், வடக்க போகாத! கிழக்க போ. மணல் ஓக் தோப்புக்குள்ள போ!"

"அங்க கிளைதானே மாமா கிடக்கு!"

"கிளை இல்ல. தோப்பு நிக்குது. நான் வெட்டவே இல்ல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

"மாமா, விளையாடாதீங்க" என்றது குரல். அழுகிறாளா இருமுகிறாளா தெரியவில்லை. "எங்க போறதுன்னு உண்மையச் சொல்லுங்க."

அவள் கேட்டதில் என்ன தப்பு? பத்துக் கிலோ மீனை இருபது கிலோ என்று சொல்லியே அவளை வளர்த்தவன் நான்.

"சத்தியமா சொல்றேன்டி கண்ணு. முடியல. சங்கிலி ரெண்டும் மழுங்கிப்போச்சு, வெக்கப்பட்டுக்கிட்டு வெட்டிட்டேன்னு பொய் எழுதிட்டேன். கிழக்க போ. படுத்துட்டே போ, தரையோரம் காத்து இருக்கும்."

அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "அது நிக்குதா? ஹாய்ட், நெஜமாவே அது நிக்குதா?"

"நிக்குதுக்கா."

"இல்லேன்னா உன்னக் கொன்னுடுவேன்."

வாக்கி டாக்கி கரகரத்தது. "கண்ண சரியாத் தெறக்க முடியல. மரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எது தோப்புன்னு எப்படித் தெரியும்?"

தோப்பைச் சுற்றி முழுக்க வான்கோழி ஓக். குளிர்காலத்தில் இலை கொட்டும் சாதி. கீழே காய்ந்து சுருண்டு கிடக்கும் அந்தச் சருகு பட்டென்று பற்றும். ஓக் என்று நினைத்து அதற்கடியில் போய்ப் படுத்தால் முடிந்தது கதை.

"கையால தடவு" என்றேன். "கீழ கிடக்கிற இலைய எடு. மூணு விரல் விரிஞ்ச வான்கோழிக் கால் மாதிரி இருந்தா அங்க நிக்காத, போய்ட்டே இரு. சின்னதா, கெட்டியா, ஓரம் உள்பக்கமா சுருண்டு, கவுத்துப்போட்ட படகு மாதிரி இருந்தா அதுதான். கேக்குதா? படகு."

"கேக்குது."

பொத்தானை அவள் விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே இருந்தாள். எங்களுக்கு எல்லாம் கேட்டது. இருமல். துணி கிழியும் சத்தம். பின்னால் மழை மாதிரி இரைச்சல். அது மழையில்லை.

"கால்" என்றாள்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"இதுவும் கால்தான்."

அக்கா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்கூட அவள் அப்படி ஜெபம் பண்ணி நான் பார்த்ததில்லை.

"கால். மாமா, எல்லாம் கால்தான்."

"இன்னும் போ. நிக்காத. கண்ணு, நிக்காத!"

பிறகு இரைச்சலில் அவள் குரல் அமுங்கிப்போனது. நான் பேர் சொல்லிக் கத்தினேன். அக்கா தீக்குள் நடக்கத் தொடங்கினாள், முட்டி வலிக்காரி. இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். என் முகத்தில் ஓங்கிக் குத்தினாள். விடவில்லை. இரண்டு பேரும் மணலில் விழுந்தோம்.

"படகு" என்றது வாக்கி டாக்கி. "படகும்மா. கை நெறைய படகு."

"உள்ள போ!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினோம். "நடுவுக்குப் போ! மூஞ்சிய மண்ணுல வச்சுப் படு!"

தொடர்பு அறுந்தது. தீ அந்தப் பக்கம் போனதைப் புகையின் நிறத்தை வைத்துத்தான் பார்த்தோம். வெள்ளை கறுப்பானது, கறுப்பு மறுபடி வெளுத்தது. கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது நிமிஷம். அக்கா என் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள்.

தரை கொஞ்சம் அடங்கியதும் மேற்குப் பக்கமாக நுழைந்து கரியை மிதித்துக்கொண்டு போனோம். பூட்ஸ் அடி சுட்டது. வான்கோழி ஓக் எல்லாம் கரிக்குச்சி. அதற்கு நடுவே அது நின்றது. வெளி ஓரத்தில் ஒரு முழம் இலை பழுப்பாகக் கருகியிருந்தது. மீதி பச்சை. தீ குடையின் ஓரம் வரை வந்து, தின்ன எதுவும் இல்லாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

ரேலின் உள்ளே ஒரு தண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருவம் பொசுங்கியிருந்தது. கையெல்லாம் பனைத்தண்டு கீறின ரத்தம். அக்கா அவளை விழுங்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

"மாமா" என்றாள் ரேலின், அம்மா தோளுக்கு மேலாக. முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, தண்டில் இருந்த ரம்ப வெட்டைத் தடவிக் காட்டினாள். "நாலு விரல் ஆழம்தானா? இதுக்கா நான் காலைல பெரிய சாதனைன்னேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து என் மார்பில் வைத்து அழுத்தினாள். பென்சிலையும் கொடுத்தாள்.

"இந்த மரம் அவளக் காப்பாத்துச்சு. நீ காப்பாத்தல. நீ எழுதினதப் பாத்துத்தான் நான் அவள வடக்க ஓடச் சொன்னேன். ஓடியிருந்தா?"

"தப்புதான்க்கா."

"தப்ப அப்புறம் பேசலாம். இதுல வேற என்ன பொய் எழுதியிருக்க?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அது பழக்கம். வெட்டுத் தண்டில் சாய்ந்தபடி ரேலின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெற்குக் கிணறு" என்றேன். "மூடல. மேல பலகை போட்டு, சருக அள்ளி மறைச்சு வச்சிருக்கேன்."



"நான் காலைல அங்கேர்ந்துதானே தொடங்கினேன்" என்றாள் ரேலின் மெதுவாக. "அந்தப் பக்கமாத்தான் நடந்தேன்."

"பலகை இந்நேரம் எரிஞ்சிருக்கும்" என்றாள் அக்கா.

அடித்த கோட்டின் மேலேயே தோப்புக்கு மறுபடி வட்டம் போட்டேன். கிணற்றில் "மூடியாச்சு" என்பதை அடித்து, "திறந்து கிடக்கு" என்று எழுதினேன். படத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கருகின ஒரு நீளக் கம்பை ஒடித்து எடுத்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் சாம்பலைக் குத்திப் பார்த்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவர்கள் இரண்டு பேரும் என் காலடித் தடத்தில் மட்டும் கால் வைத்துப் பின்னால் வந்தார்கள்.