எட்டுக்கோரின் மேசைக்கு அடியில்

"தொட்டது நீதானே? அதை மட்டும் சொல்லு."

"தொட்டேன்க்கா. நல்லதுக்குத்தானே தொட்டேன். புது ஓ.எஸ். இன்னிக்குக் காலையிலதான் வெளியே விட்டாங்க. உன் மிஷின் இப்ப எவ்வளவு சீக்கிரம் எந்திரிக்குது, பாத்தியா இல்லையா?"

"எந்திரிச்சு என்னடா பண்ணுது? உக்காந்து முழிக்குது. கலர் சாஃப்ட்வேர் திறக்கல."

"அது அந்த சாஃப்ட்வேர்காரன் சோம்பேறித்தனம். அதுக்கு ஓ.எஸ்.ஸ ஏன் திட்டறே?"

இரண்டாம் மாடியில் இந்தப் பேச்சு நடந்தபோது மூன்றாம் மாடியில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். முதல் மாடியில் ஒருவர், காய்ந்துபோன துணியை இன்னொரு தரம் காயப்போடுவதற்காகப் படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றார். அந்தக் கட்டடத்தில் அக்கா தம்பி சண்டை புதிதல்ல. ஆனால் எடிட்டர் வேலை பார்க்கிற அந்த அக்கா குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் கோபம் வந்தால் பேச்சைக் குறைக்கிற ரகம். குரலே உயர்ந்துவிட்டதென்றால் ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

உடைந்ததுதான். எடிட்டர் ஒன்பது வருஷமாகக் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தவர். அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளைகள் கேமராவைப் பார்த்து வெட்கப்படுவதைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு மாப்பிள்ளை என்ற இனத்தின் மேலேயே ஆர்வம் போய்விட்டது என்று தெருவில் ஒரு கருத்து உண்டு. இப்போதுதான் ஒரு ஸ்டூடியோ கூப்பிட்டு ஒரு ஆவணப் படத்தைக் கொடுத்திருந்தது. இன்று மாலை ஆறு மணிக்குள் முடித்து அனுப்பினால் அந்தத் தொடர் முழுவதும் அவருக்கு. அனுப்பாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. கடைசிப் பதினைந்து நிமிடப் படத்துக்கு நிறம் சரிசெய்வது மட்டுந்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, அவர் குளித்துவிட்டு வருவதற்குள், தம்பி அவருடைய கணினியில் புது இயங்குதளத்தை ஏற்றிவிட்டான்.

ஏன் ஏற்றினான் என்றால், அவனுக்கு அபிப்பிராயம் சொல்ல வேண்டியிருந்தது.

தம்பியைத் தெருவில் எட்டுக்கோர் என்பார்கள். இணையத்தில் அவனுக்கு ஒரு சேனல் இருந்தது. எந்தப் பிராசசர் வந்தாலும், எந்தக் கம்பெனியின் தலைவர் பதவியை விட்டு ஓடினாலும், அன்றே அவன் முகம் சிவப்பும் நீலமுமான விளக்குகளுக்கு நடுவில் தோன்றித் தீர்ப்பு வழங்கிவிடும். "பிராசசர்ல எட்டு கோருக்குக் கீழ வெச்சிருக்கறவங்க கம்ப்யூட்டர் வெச்சிருக்கேன்னு வெளியில சொல்லிக்காதீங்க" என்று ஒருமுறை சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டடத்தில் பாதிப் பேர் அவன் பேச்சைக் கேட்டு மிஷின் மாற்றியவர்கள். மீதிப் பேர் அவன் பேச்சைக் கேட்டு, அடுத்த மாடல் வரட்டும் என்று இன்னும் காத்திருப்பவர்கள்.

காலையிலும் அதே வேகத்தில்தான் ஒரு துண்டு வீடியோ போட்டிருந்தான்: புது ஓ.எஸ். பிரமாதம், யோசிக்காமல் ஏற்றுங்கள், மாலையில் நேரலையில் முழு விவரம்.

"பழசுக்கே திருப்பிடலாம் இல்ல?" என்றார் எடிட்டர்.

"திருப்பறதா? சாயங்காலம் லைவ் இருக்குக்கா. அதுல இந்த மிஷினத்தான் காட்டப் போறேன்."

எடிட்டர் கதவைத் திறந்து, படிக்கட்டின் கைப்பிடிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் மேல வாங்க" என்று கீழே கூப்பிட்டார்.

கீழே கணினிக் கடை வைத்திருந்தவர், கூப்பிடுவதற்காகவே காத்திருந்ததுபோல வந்து சேர்ந்தார். அவருக்கும் எட்டுக்கோருக்கும் பரம்பரைச் சொத்துத் தகராறு போல ஒரு பகை. இவன் சிவப்புப் பெட்டியில் பிராசசர் விற்கிற கம்பெனியின் ஆள். அவர் நீலப் பெட்டிக்காரர்களின் ஆள். இந்தப் பகை இரண்டு கம்பெனிக்கும் தெரியாது. இருந்தாலும் நீலப் பெட்டிக்காரர்கள் ஆட்களைக் குறைத்த அன்று எட்டுக்கோர் கடைக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தான். சிவப்புப் பெட்டியின் புது மாடல் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று செய்தி வந்த அன்று கடைக்காரர் மேலே வந்து, "தம்பி, உங்க வீட்டுல அடுப்பு தேவைப்படாதாமே" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைக்காரர் திரையைப் பார்த்தார். மிஷினில் செருகியிருந்த விரல் நீளச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். அந்தச் சாவியைக் கண்டுகொண்டால்தான் கலர் சாஃப்ட்வேர் திறக்கும். புது ஓ.எஸ். அதைக் கண்டுகொள்ள மறுத்தது.

"பழைய ஓ.எஸ்.ஸ மறுபடி ஏத்தலாம்மா. ஏத்தி, உங்க சாமானையெல்லாம் திரும்ப வெச்சு முடிக்க ராத்திரி ஆயிடும்."

"ஆறு மணிக்குப் படம் போகணும்ணே. உங்க கடையில வேற மிஷின்?"

"என்கிட்ட இருக்கறதெல்லாம் பில்லு போடற மிஷின். இந்தப் படத்தப் போட்டா படுத்துடும். கிராபிக்ஸ் கார்டோட, பழைய ஓ.எஸ்.ஸோட ஒண்ணு வேணும்." இதுவரை பொறுப்பாகப் பேசியவர், இந்த இடத்தில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாமல் எட்டுக்கோரைப் பார்த்தார். "உங்க தம்பி ரூம்லதான் ஜெகஜோதியா ஒண்ணு எரியுதே. அத எடுத்துக்கறது."

எடிட்டருக்கு அதுவரை அது தோன்றவேயில்லை. தம்பியின் அறை எப்போதும் பூட்டியிருக்கும். மைக் அமைத்திருக்கிறேன், தூசி ஆகாது என்பான். வீடியோவில் பார்த்தால் அவன் தோளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி ஒன்று வானவில்லாக மின்னிக்கொண்டிருக்கும்.

"ரூம் சாவிய எடு" என்றார்.

"அதுலயும் புது ஓ.எஸ்.தான்க்கா."

"எடுன்னு சொன்னேன்."

எட்டுக்கோர் கடைக்காரரைப் பார்த்தான். "அவர் கீழ போகட்டும்."

"நான் ஏன் போகணும்? நானும் பாக்கணும்."

கதவு திறந்தது. கண்ணாடிப் பெட்டி மேசைமேல் மின்னியது. கடைக்காரர் நேராகப் போய் அதற்குள் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிர நேரமாயிற்று. உள்ளே நான்கு விசிறிகள் சுற்றின, விளக்குகள் நிறம் மாறின. வேறொன்றும் இல்லை. போர்டு இல்லை, பிராசசர் இல்லை. பலகாரமில்லாத பலகாரக் கடை மாதிரி அலங்காரம் மட்டும் இருந்தது.

"ஆடி அசையற மிஷினப் பாத்திருக்கேன் தம்பி. ஆளே இல்லாம ஆடறத இப்பத்தான் பாக்கறேன்."

எடிட்டர் அதைக் கவனிக்கவில்லை. மேசைக்கு அடியில் ஒரு கறுப்புத் துணிக்குப் பின்னால் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. துணியை விலக்கினார். மூலை நசுங்கிய சாம்பல் நிறப் பெட்டி. அதன் நெற்றியில் நீலப் பெட்டிக் கம்பெனியின் பழைய ஸ்டிக்கர், பாதி உரிந்த நிலையில்.

"எத்தனை கோர்?" என்று கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியில் அவருடைய இத்தனை வருஷத்து மகிழ்ச்சியும் இருந்தது.

"நாலு" என்றான் எட்டுக்கோர்.

அப்போதுதான் எடிட்டருக்கு வேறொன்றும் விளங்கியது. காலையில் வந்து உட்கார்ந்தால் நாற்காலி ஏன் தினமும் தாழ்ந்திருக்கிறது, மவுஸ் ஏன் தள்ளிக் கிடக்கிறது என்று அவர் பல நாள் யோசித்ததுண்டு. இவன் சோதித்ததெல்லாம் அவருடைய மிஷினில். தனக்கென்று வைத்துக்கொண்டது இதை.

"ஏன்டா மாத்தல?"

"எதுக்குக்கா மாத்தணும்? நல்லா ஓடுது. நாலு வருஷமா இதுல ஒரு அப்டேட்டும் விடல, ஒரு தடவையும் நிக்கல." சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. காது சிவந்துவிட்டது.

"நீ இதுவரைக்கும் சொன்னதுலயே உருப்படியான அபிப்பிராயம் இதுதான்" என்றார் எடிட்டர். "நகரு."

படத்தையும் கலர் சாஃப்ட்வேரையும் அதில் ஏற்றி, தன் மிஷினில் இருந்த விரல் நீளச் சாவியைக் கொண்டுவந்து செருகினார். பழைய ஓ.எஸ். எந்தக் கேள்வியும் கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டது. கலர் சாஃப்ட்வேர் திறக்க, ஒருவர் மாடியேறி வருகிற நேரம் எடுத்தது. ஆனால் திறந்தது.

கடைக்காரர் தயங்கினார். "இதுல முடியுமாம்மா? ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம் மூச்சு வாங்குமே."

"முடியும்ணே. படத்தச் சின்னதாக்கி வெச்சுக்கிட்டு வேலை பண்ணுவேன். கடைசியா ஒரு தடவ மட்டும் பெருசா எடுத்தா போதும். நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்ப இதவிட நோஞ்சான் மிஷின்லதான் ஊரு கல்யாணத்தையெல்லாம் வெட்டினேன். எந்த நிறம் எங்க வேணும்னு எனக்குத் தெரியும். மிஷின் அதச் செஞ்சா போதும், யோசிக்க வேணாம்."

சொன்னபடியே செய்தார். மிஷின் திணறியபோது காத்திருந்தார், மற்ற நேரத்தில் கை நிற்கவில்லை. பிரவுசரைத் திறக்கக் கூடாது, திறந்தால் படுத்துவிடும் என்று தம்பி பக்கத்தில் நின்று சொன்னான். இடது பக்க மூடியைக் கழற்றிவிட்டான். அந்தக் கிழட்டு மிஷினின் உடம்பு வாகு முழுக்க அவனுக்கு அத்துபடியாக இருந்தது.

ஐந்து மணிக்கு நேரலை. தன் அறை பறிபோனதால் எட்டுக்கோர் செல்போனைக் கூடத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கட்டடத்தில் எல்லார் கையிலும் போன். இரண்டாம் மாடியிலிருந்து அவன் குரல் முதலில் நேராகக் கேட்கும், சற்றுக் கழித்து அதே வாக்கியம் எல்லார் போனிலும் வரும். புது ஓ.எஸ்.ஸின் அழகைப் பற்றியும், திரையில் திறக்கிற ஜன்னல்களின் மூலைகள் எப்படி உருண்டையாகியிருக்கின்றன என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தான். அப்போது கீழே கடையிலிருந்து ஒரு கேள்வி எழுத்தில் போய் விழுந்தது: வீடியோ எடிட்டிங், கலர் வேலை செய்பவர்கள் இதை ஏற்றலாமா?

எட்டுக்கோர் நிறுத்தினான். போன்களில் சற்றுக் கழித்து நிறுத்தினான்.

காலையில் யோசிக்காமல் ஏற்றுங்கள் என்றவன். இப்போது மாற்றிச் சொன்னால் சேனலின் பேர் கெடும், விமர்சனத்துக்கென்று சிவப்புப் பெட்டிக்காரர்கள் அனுப்புவதாகச் சொன்ன புது பிராசசர் வருமா என்பதே சந்தேகம். காலையில் பேசிய வாய் மாலைக்குள் என்ன ஆயிற்று என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம். எத்தனையோ தடவை அப்படிப் போயிருக்கிறான்.

உள்ளே எடிட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேள்வி வந்திருக்கு இல்ல, பதில் சொல்லுடா" என்றார். அது நேரலையில் தெளிவாகக் கேட்டது.

"ஏத்தாதீங்க" என்றான் எட்டுக்கோர். "காலையில நான் சொன்னது தப்பு. எங்க அக்கா மிஷின்ல ஏத்தினேன், அவங்க வேலை நின்னு போச்சு. வேலைக்கு வெச்சிருக்கற மிஷின்ல ஒருத்தரும் முதல் நாள் எதையும் ஏத்தாதீங்க. ரெண்டு திருத்தம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இன்னொண்ணு, எப்பவும் என் ரூம்ல எனக்குப் பின்னால எரியுமே ஒரு பெட்டி, அது—"

"டேய், சூடாகுதுடா."

மிஷின் படத்தைக் கடைசியாகப் பெரிதாக எடுக்க ஆரம்பித்திருந்தது. எட்டுக்கோர் போனைப் போட்டுவிட்டு ஓடினான். மேசை விசிறியைத் தூக்கிவந்து, திறந்த பக்கத்துக்கு நேராகக் கையிலேயே பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். கீழே வைத்தால் காற்று சரியான இடத்தில் படாது என்பது அவனுக்குத் தெரியும். நேரலையில் கூடத்தின் கூரை மட்டும் தெரிந்தது. பின்னணியில் விசிறிச் சத்தமும், "கொஞ்சம் வலது பக்கம்", "கை வலிக்குதுக்கா", "வலிக்கட்டும்" என்ற பேச்சும். யாரும் போகவில்லை. பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டேதான் போனார்கள். அவன் சேனலில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேர் சேர்ந்து எதையும் பார்த்ததில்லை.

ஐந்தே முக்காலுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பகுதியின் நிறம் முதல் பகுதியைவிட நன்றாக வந்திருப்பதாக ஸ்டூடியோவிலிருந்து சொன்னார்கள். "தெரியும்" என்றார் எடிட்டர். தொடர் அவருக்கே வந்தது.

அதற்குப் பிறகு தெரு அவனை நாலுக்கோர் என்று கூப்பிட ஆரம்பித்தது. சிவப்புப் பெட்டி வரவில்லை. நாலுக்கோர் கொஞ்ச நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். பிறகு, பழைய மிஷினை வைத்து எதையெல்லாம் செய்யலாம் என்று பேசத் தொடங்கினான், அதே அடாவடித் தொனியில். "புதுசு வாங்கச் சொல்றவன் வீட்டு மேசைக்கு அடியில முதல்ல குனிஞ்சு பாருங்க" என்பது அவனுடைய புது வசனம். அதைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர், "இவன் பேச்சக் கேட்டு ஜனங்க வாங்கறத நிறுத்திட்டா நான் எங்கடா போறது" என்று புலம்பினார். இரண்டு பேருக்கும் பகை இப்போது உண்மையான காரணத்தோடு தொடர்ந்தது.

எடிட்டர் ஒரு வருஷத்துக்குள் ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "பார்த்ததே போதும்" என்றார். நாலுக்கோருக்குத்தான் கல்யாணம் ஆயிற்று. அந்த நேரலையைப் பார்த்து, தன் பல் மருத்துவமனையின் கணினிகளில் புது ஓ.எஸ். ஏற்றுவதைப் பாதியில் நிறுத்திய டாக்டர் ஒருத்தி நன்றி சொல்லி எழுதினாள். எழுத்து பேச்சாகி, பேச்சு முற்றி, அவன் அவளுடைய ஊருக்கே குடிபோனான். அங்கே ஆஸ்பத்திரி மிஷின்களை அவன்தான் பார்த்துக்கொள்கிறானாம். எதையும் முதல் நாள் ஏற்ற விடுவதில்லையாம்.

இரண்டாம் மாடிக்கு இப்போது ஒரு கணவனும் மனைவியும் வந்திருக்கிறார்கள். நல்ல மாதிரிதான். வாடகையும் நேரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் கணினியைப் பற்றி அவர்களுக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. கடைக்காரர் இரண்டு தடவை மேலே போய், நீலப் பெட்டிக்காரர்களின் புது பிராசசர் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.