சுக்கானுக்குக் கிரீஸ்

தங்கச்சிமடத்துக் கோயிலில் திருவிழாவுக்கு வெள்ளையடிக்க மேல்மாடத்தை ஒழித்தபோது, உடைந்த மைக் ஸ்டாண்டுகளுக்கும் போன கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோலுக்கும் அடியிலிருந்து ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் வெளியே வந்தது. தூசி தட்டி ஆம்ப்ளிஃபயரில் செருகினால் அப்படியொரு குரல். பாடகர் குழுவில் இத்தனை நாளும் இரவல் கிட்டாரில் காலம் தள்ளிய ரெஜினாவுக்கு அன்றைக்கே தலைகால் புரியவில்லை. பங்குச்சாமியும் "வாசிக்க ஆள் இருந்தா எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

திருவிழா மாலையில் கடைசிப் பாட்டின் நடுவே ஒரு தனி வாசிப்பு உண்டு. வருஷா வருஷம் அதைக் கீபோர்டில் வாசித்துப் பேர் வாங்குகிறவன் அவளுடைய அத்தை மகன் சகாயவினோத். இந்தத் தடவை அது தனக்கு வேண்டும் என்று ரெஜினா கேட்டாள். அதற்காக அவள் மனசுக்குள்ளேயே ஒரு மெட்டுக் கட்டி வைத்திருந்தாள். அதில் ஒரு சுரம் அலைபோல இறங்கி, மறுபடி ஏறிப் பழைய இடத்துக்கே வர வேண்டும்.

"சுருதி நிக்குற கிட்டாரைக் கொண்டா, விட்டுத் தாரேன்" என்றான் வினோத். "இல்லாட்டி வழக்கம்போல நாந்தான்."

சுருதி நிற்பதில்தான் வில்லங்கம். கிட்டாரின் வயிற்றில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதை அமுக்கினால் தந்திகள் தளர்ந்து சுரம் கீழே வழுக்கும், விட்டால் மேலே வரும். டிரெமோலோ என்று பெயர். நாட்டுப்படகு வைத்திருக்கும் அவளுடைய அப்பா அருளானந்தம் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் படகைத் திருப்பும் சுக்கானின் பேரையே வைத்தார். அவருக்கு நீட்டிக்கொண்டு ஆடுகிற எதுவும் சுக்கான்தான். இந்தச் சுக்கானோ தேய்ந்து, துருவேறி, சுருள்வில் தொங்கிப்போய்க் கிடந்தது. அமுக்கினால் இறங்கும். இறங்கிய இடத்திலேயே படுத்துக்கொள்ளும்.

புதிது வாங்கலாமென்றால் கிட்டார் எந்த ஊர், என்ன ரகம் என்று தெரிய வேண்டும். தலையில் இருந்த பேரை உப்புக்காற்று தின்றுவிட்டது. முதுகுப்பக்கத் தகட்டில் மட்டும் ஆங்கில எழுத்துகள் இருந்தன. வினோத் உரக்கப் படித்தான்: "ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்." அத்தோடு விட்டானா? குழுவின் வாட்ஸ்அப்பில் 'நம்ம கிட்டார் அமெரிக்காவின் ஸ்டீல் அட்ஜஸ்டபிள் கம்பெனி' என்று அறிவித்து, ஆளாளுக்குப் போட்ட வாழ்த்தையும் வாங்கிக்கொண்டான்.

ரெஜினாவின் கல்லூரித் தோழி அம்ரீன் கீழக்கரைக்காரி. சென்னையில் இசைக்கருவிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். வீடியோ காலில் தகட்டைப் பார்த்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்தாள்.

"ஏடி, கழுத்துக்குள்ள ஸ்டீல் கம்பி இருக்கு, திருகி நிமித்திக்கலாம்னு எழுதியிருக்கான். உங்க வீட்டுச் சட்டியில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு போட்டிருந்தா, செஞ்சவன் பேரு மிஸ்டர் ஸ்டெயின்லெஸ்ஸா?"

பக்கத்தில் நின்ற வினோத் உடனே வேறெங்கோ பார்த்தான். அம்ரீன் கிட்டாரைத் திருப்பச் சொன்னாள், வரிசையாக நின்ற சின்ன ஸ்விட்சுகளைக் காட்டச் சொன்னாள், கழுத்தைக் கழற்றச் சொன்னாள். கடைசியில் சொன்னாள்: அறுபதுகளில் ஜப்பானில் செய்து, கடைக்குக் கடை வேறு பேர் ஒட்டி விற்ற ரகம். இதற்குப் பொருந்துகிற டிரெமோலோ இப்போதும் வருகிறது. திருகு ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் அளந்து அனுப்பினால் போதும்.

"ஜப்பானா?" அருளானந்தத்தின் முகமே மாறிவிட்டது. "எஞ்சின் செய்றவன்ல அவன். அப்ப கெட்டியான சாமான்தான்." அன்றிலிருந்து அவர் கிட்டாரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பார்சல் வந்தது. பளபளவென்று புதுச் சுக்கான். ரெஜினா பழையதைக் கழற்றிப் புதியதை முடுக்கி, தந்தி கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். இறங்கியது. விட்டாள். ஏறியது, ஆனால் ஒரு மயிரிழை குறைவாக நின்றது. எத்தனை தடவை அமுக்கினாலும் அதே மயிரிழை. தலைப்பக்கம் எங்கோ தந்தி சிக்கிப் பிடிக்கிறது என்றாள் அம்ரீன். எங்கே என்று போனில் எப்படிச் சொல்வாள்? வினோத் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

திருவிழா அன்று காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ரெஜினா வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு, படகு எஞ்சின் கிரீஸை விரலால் வழித்து வழித்துத் தடவிக்கொண்டிருந்தார். சுக்கான், சுருள்வில், தந்திகள், தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் குட்டிப் பள்ளங்கள், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"புது இரும்பு தாயி. உப்புக்காத்துல ரெண்டு நாள் தாங்காது."

"இது என்ன எஞ்சினாப்பா? என் வாழ்க்கையையே கெடுத்துட்டீங்க. இங்கன நிக்காதீங்க, போங்க."

அருளானந்தம் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனவர் சாப்பாட்டுக்கும் வரவில்லை. ரெஜினா அழுதுகொண்டே பழைய துணியால் தந்திகளைத் துடைத்தாள். பள்ளங்களுக்குள் போனதை எதைக் கொண்டு எடுப்பது? வாழ்க்கை என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டாம் என்றும் அவளுக்குத் தோன்றியது.

மாலையில் கொட்டகை நிறைந்து வழிந்தது. கடைசிப் பாட்டு வந்தது. வினோத் இரண்டு கைகளையும் கீபோர்டுக்கு மேலே தயாராக வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். ரெஜினா மெட்டைத் தொடங்கினாள். அந்தச் சுரத்துக்கு வந்ததும், ஆனது ஆகட்டும் என்று கம்பியை அமுக்கினாள். சுரம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. விட்டாள்.

அது நேராக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. மயிரிழை குறையவில்லை.

நம்பாமல் இன்னொரு தடவை அமுக்கினாள். பிறகு பாட்டில் இல்லாத இடத்திலெல்லாம் அமுக்கினாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தந்திகள் பள்ளங்களில் சிக்காமல் வெண்ணெயில்போல வழுக்குவது விரலுக்கே தெரிந்தது. கிரீஸ்! வினோத் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவனும் தலையாட்ட ஆரம்பித்தான்.

கைதட்டு ஓய்வதற்குள் அவள் கிட்டாரைக் கழுத்தில் மாட்டியபடியே கீழே இறங்கி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கடைசி வரிசையில், ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில், பிடிபட்டவர் மாதிரி நின்றார் அருளானந்தம்.

"அப்பா, அந்த டப்பாவைத் தூரப் போட்டுட்டீங்களா?"

"இல்ல தாயி. படகுலதான் இருக்கு."

"பத்திரமா வைங்க. இனி என் சுக்கானுக்கு நீங்கதான் கிரீஸ் போடணும். மச்சான் கீபோர்டுக்கும் கொஞ்சம் போட்டுவிடுங்க, பாவம்."

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மேடைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு நிசமாகவே கேட்டார்:

"அதுல சுக்கான் எங்கன இருக்கு?"