நாலாவது ஸ்பிரிங்

"மேல் நட்டை இப்பவே கழட்டிடாதக்கா. முதல்ல ஸ்பிரிங் நல்லா அமுங்கட்டும். இல்லேன்னா துள்ளி வந்து மூஞ்சியில அடிக்கும்."

ஜன்னலுக்குள்ளிருந்து வந்த குரலில் பாதிக்கு மேல் காற்றுதான். அக்கா ஸ்பேனரை நிறுத்தி நிமிர்ந்தாள். தம்பியின் கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அவள் கணவர் உட்கார்ந்து, அவனைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருந்தார்.

வெளியே, ஷெட்டில், மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய வண்டி. தரையோடு தாழ்ந்து நிற்க வேண்டும் என்று குட்டை ஸ்பிரிங் நாலு வாங்கி வைத்திருந்தான். மூன்றைத் தன் கையாலேயே மாட்டியும்விட்டான். அதற்குள் வயிற்றிலிருந்த கட்டி முந்திக்கொண்டது.

நேற்று வந்த நர்ஸம்மா வாசலில் நின்று, "பக்கத்துலயே இருங்கம்மா" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று காலையில் கண் திறந்ததும் தம்பி கேட்டது, மீதி இருந்த நாலாவது ஸ்பிரிங்கை அவள் மாட்டித் தர வேண்டும் என்பதைத்தான்.

"இப்ப அதுவாடா முக்கியம்? நான் உன் பக்கத்துல இருக்கணும்."

"ஷெட்டு என்ன வெளிநாட்டுலயா இருக்கு? வண்டி நொண்டிக்கிட்டு நிக்குதுக்கா. என்னைப் பாக்க வர்றவங்கல்லாம் அதைப் பாத்துச் சிரிப்பாங்க."

"உன்னைப் பாக்க வர்றவங்க காரையா பாப்பாங்க?"

"பின்ன? நான் என்ன பாக்கற மாதிரியா இருக்கேன்?"

சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தை அவனுக்குக் காட்டாமல் திரும்பி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாள்.

பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷினைத் தானே பிரித்துப் பூட்டுகிறவள். இரும்பு அவளுக்குப் புதிதில்லை. இப்போது அவன் சொன்னபடியே இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, மாற்றி மாற்றித் திருகி ஸ்பிரிங்கை அமுக்கினாள். பழையதைக் கழற்றி, சிவப்பு நிறப் புதியதை ஷாக் அப்சார்பரில் கோத்தாள்.

"ஸ்பிரிங் நுனி அடித்தட்டுக் குழியில உக்காந்துச்சா?"

"உக்காந்துச்சுடா."

"விரலை விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தாள். ஒரு நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடத்தான் மனம் அடித்துக்கொண்டது.

"அவசரப்படாதக்கா. நான் எங்க போகப்போறேன்?"

கொக்கியைத் தளர்த்தி, ஸ்பிரிங்கைச் சுற்றி, மறுபடி உட்கார வைத்தாள். இந்த முறை நகம் நுழையவில்லை.

அதன்பின் அவனுக்குப் பேச வரவில்லை. அவள் கேட்பதற்கெல்லாம் விரலால் ஜன்னல் கம்பியைத் தட்டினான். "இந்த போல்ட்டா?" ஒரு தட்டு. "போதுமா?" கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கி, ஜாக்கியை இறக்கினாள். வண்டி மெல்லத் தாழ்ந்து உட்கார்ந்தது. நாலு சக்கரத்துக்கு மேலும் ஒரே அளவு இடைவெளி.

"டேய், பாருடா!"

தட்டல் வரவில்லை.

"உள்ள வா," என்றார் கணவர். "மெதுவா வா."

கையெல்லாம் கிரீஸ். தம்பியின் நெற்றியைப் புறங்கையால் தொட்டாள். சூடு இன்னும் இருந்தது.

"பாத்தானா?"

"தூக்கிப் பிடிச்சுட்டுதான் இருந்தேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு."

அவனைப் படுக்க வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மச்சானை அப்படியே சாய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவன் உடலை ஏற்றிய வேன் முன்னால் போயிற்று. "நீ ஓட்டிடுவியா?" என்று கணவர் கேட்டபோது, அவள் ஏற்கெனவே மஞ்சள் காரில் உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் உறவுக்காரர்களின் வண்டிகள் வரிசையாக வந்தன.

தெருமுனை வேகத்தடையை வேன் சாதாரணமாகத் தாண்டிவிட்டது. அவள் ஏறப்போகும்போது தாழ்ந்த வண்டியின் அடியில் இரும்பு கரகரவென்று உரசியது. உடனே நிறுத்தி, பின்னுக்கு எடுத்து, வண்டியைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினாள். பின்னால் யாரோ ஹாரனைத் தொட்டுவிட்டு உடனே விட்டுவிட்டார்கள்.

ஒரு சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு அடுத்தது. தடைக்கு அந்தப் பக்கம் வேன் நின்றுகொண்டிருந்தது.